நல்ல சிவப்பு

பிப்ரவரி 6

குருவி அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் கணவரின் முதுகைப் பார்த்தேன். பல் தேய்ப்பதற்கும் முன்னால். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நில்லுங்கள் என்றால், "காபி குடிச்சுட்டு நிக்கறேனே பாப்பா, முதுகு எங்கே ஓடிடப் போகுது?" என்கிறார். நாற்பத்து நான்கு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். நீ சுகமாக இருப்பாய். மேஸ்திரி இல்லாத வீடு ஒரு வாரம் சத்தமில்லாமல் இருந்திருக்கும்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ போனை எடுத்தால் அவர் பக்கத்தில் நின்று "அவ என்ன சொல்றா?" என்று கேட்பார். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து நமக்குள் ரகசியம் என்றால் தாள்தான். அந்த விடுதிக்குச் சுவர் எழுப்ப வந்த என் அண்ணனையே நீ கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை.

எது ஒவ்வவில்லை என்று பார்க்க முதுகில் ஒட்டிய சோதனைப் பட்டைகளை முந்தாநாளே ஆய்வகத்தில் எடுத்துவிட்டோம். இன்று இரண்டாவது முறை பார்க்கும் நாள். பேனாவால் போட்ட கட்டங்களில் நிக்கலுக்கு ஒன்றுமில்லை, ரப்பருக்கு ஒன்றுமில்லை. குரோமியம் வைத்த கட்டம் மட்டும் சிவந்து, தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்திருக்கிறது. சிமெண்டில் இருப்பது அதுதான். அவர் கை வெடிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"இத்தனை வருஷம் சோறு போட்ட சிமெண்டு என்னை ஏன் கடிக்கணும்?"

"சிமெண்டு கடிக்கலை அண்ணா. உங்க உடம்புதான் ஆள் தெரியாம சண்டைக்குப் போகுது."

"என்னை மாதிரியேதான் இருக்கு."

தடித்த கையுறை, வேலை முடிந்ததும் கை கழுவுதல், எது பட்டாலும் தோல் சிவந்தால் உடனே நிறுத்துதல். "சிவந்தால் நிறுத்து" என்று பள்ளிப் பையனைப் போலத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

இன்னொன்று. கட்டங்களுக்கு வெளியே, இடது தோளில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. லேசான செதில். ஓரத்தில் நூல் ஒட்டியதுபோல் மெல்லிய மேடு. பனியனோடு வெயிலில் நிற்கிற தோள். "அதுவும் சிமெண்டுதான், விடு" என்றார். எனக்கு அந்த ஓரம் பிடிக்கவில்லை. எங்கள் தோல் டாக்டர் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வரட்டும்.

உன் முட்டிவலி எப்படி?

உன்
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 14

பூதக்கண்ணாடிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது, கேட்டதற்கு நன்றி. நீ சாப்பிடுகிறாயா, இல்லை ஆய்வகத்து பிஸ்கட்டிலேயே காலம் தள்ளுகிறாயா?

உன் அண்ணன் வந்து சேர்ந்தார். வந்த அன்றே சட்டையைக் கழற்றி, கொத்தனார் சித்தாள் எல்லாருக்கும் முதுகைக் காட்டியிருக்கிறார். "என் தங்கச்சி என் முதுகுல பிளான் போட்டு அனுப்பியிருக்கா, எத்தனை ரூம் பாருங்க" என்றாராம். வேலை நடக்கும் இடத்தில் கலவை மெஷினுக்கு மேலே கரித்துண்டால் "சிவந்தால் நிறுத்து" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு லாரி டிரைவர், "இங்க சிக்னல் எங்கே இருக்கு?" என்று தேடினாராம். கையுறை போடுகிறார். அதைப் போட்டுக்கொண்டே என் கன்னத்தைத் தட்டுகிறார், அதுதான் தாங்கவில்லை.

வேலைக்கு நடுவே நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். தேர்வு நேரம், ஒரு நாற்காலி காலியில்லை. நாற்காலி என்றதும் நினைவு வருகிறது. உங்கள் ஒவ்வாமைப் பிரிவுக்கு உன்னைத் தலைவியாகப் போடப் போகிறார்கள் என்று மேஸ்திரி சொன்னார். என்னிடம் ஏன் சொல்லவில்லை? எப்போது உட்காரப் போகிறாய்?

அந்தத் துண்டு என்ன ஆயிற்று?

கேள்விகளுடன்,
குருவி


பிப்ரவரி 20

குருவி,

இதை வீட்டில் பிரிக்காதே என்று உறைமேல் எழுதியிருக்கிறேன். நூலகத்தில்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முடிவு வந்துவிட்டது. தோள் திட்டு ஒவ்வாமை அல்ல. அது தோல் புற்றுநோய். இந்த வரியோடு நிறுத்திவிடாதே, மேலே படி. தோல் புற்றுநோய்களிலேயே சாதுவான வகை இது. மேல்தோலோடு ஒட்டி, மெதுவாகப் பரவும். வேறு உறுப்புக்குப் போவது மிக மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் அகலும், ஆழப்படும். இப்போது பிடித்ததால் வழிகள் இருக்கின்றன. வெட்டி எடுக்கலாம். அல்லது ஒரு களிம்பு இருக்கிறது. திட்டு மேலோட்டமாக இருப்பதால் களிம்பையே முயன்று பார்க்கலாம் என்கிறார் டாக்டர். தினமும் பாரம் ஏறுகிற தோள், தையல் போட்டால் ஆறுவது கஷ்டம்.

அந்தக் களிம்பு புற்றை நேராகக் கொல்வதில்லை. அந்த இடத்தில் நம் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடுகிறது. பக்கத்திலேயே திருடன் குடியிருக்க, தூங்கிக்கொண்டிருக்கும் காவல்காரனை உலுக்கிவிடுவது போல. எழுந்தவன் சும்மா இருக்க மாட்டான். தோல் சிவக்கும், எரியும், பொருக்குக் கட்டும். ஆறு வாரம். அந்தச் சிவப்புதான் வேலை நடப்பதற்கு அடையாளம்.

உங்கள் ஊர் தோல் டாக்டருக்கு விவரமெல்லாம் அனுப்பிவிட்டேன். அண்ணனிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? யார் சொன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் குடி. பயப்படாதே. எழுது.

உன்
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 27

உனக்கு,

தண்ணீர் குடித்தேன். புத்தக அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ஒரு பெண் வந்து "மேடம், வேதியியல் எந்த வரிசை?" என்று கேட்டாள். அழுதுகொண்டே கையைக் காட்டினேன்.

அவரிடம் சொல்ல வேண்டாம். கேள், குறுக்கே பேசாதே. உன் அப்பா அந்த வார்த்தையைக் கேட்ட அன்று படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. நோய் கொன்றதா வார்த்தை கொன்றதா என்று இன்னமும் இவர் கேட்பார், உனக்கும் தெரியும். புது வேலை ஒன்று எடுத்திருக்கிறார், பள்ளிக்கூடக் கட்டடம். தினமும் பாடிக்கொண்டே போகிறார். அந்தப் பாட்டை நான் நிறுத்த மாட்டேன்.

டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்க் கெஞ்சினேன். டாக்டர் முகம் சுளித்தார். "மறைக்கறது நல்லதில்லைம்மா" என்றார். இவர் உள்ளே வந்ததும் நானே முந்திக்கொண்டு, "பிடிவாதமான அலர்ஜியாம், களிம்பு போட்டா போயிடுமாம்" என்றேன். இவர், "உன்னை மாதிரி பிடிவாதமா?" என்று கேட்டுச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

திட்டு போய்விட்டால் வார்த்தை எதற்கு?

குருவி


மார்ச் 4

அன்புள்ள குருவி,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எனக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. சரி. நீ அவரோடு வாழ்கிறவள், உனக்குத் தெரியும்.

எனக்குச் சம்மதமில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

படுக்கும் முன் மெல்லியதாகத் தடவி, காலையில் கழுவ வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தோலுக்கு ஓய்வு. அளவுக்கு மீறிப் புண்ணானால் டாக்டரைக் கேட்டுச் சில நாள் இடைவெளி விடலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. தோளைப் பார்த்து, பார்த்ததை அப்படியே எழுது.

முட்டிக்கு ஒத்தடம் கொடு.

பூதக்கண்ணாடி


மார்ச் 29

பூதக்கண்ணாடிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை என்றால் அப்படி ஒரு வேலை. நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்தன. தச்சர் அளவெடுத்த நாளில் கதவு மூடியிருந்ததாம், திறந்தால் அலமாரியில் இடிக்கிறது. இப்போது பக்கவாட்டாக நுழைகிறோம். ஒல்லியான மாணவர்கள்தான் படிக்க முடியும் என்ற நிலை. மாடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டடம் முதல் தளம் ஏறிவிட்டது. உன் அண்ணனின் கை வெடிப்பு ஆறிக்கொண்டு வருகிறது, கையுறைக்கு உனக்குப் புண்ணியம். பக்கத்து வீட்டு அம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். இப்போதுதான் என் முகம் சரியாகத் தெரிகிறதாம். "உனக்கு இவ்வளவு நரையா?" என்று கேட்கிறார்கள்.

முட்டி பரவாயில்லை. நீ தலைவி ஆனாயா? அதைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

தோளும் நன்றாக இருக்கிறது. சிவப்பு துளிகூட இல்லை.

அன்புடன்,
குருவி


ஏப்ரல் 2

குருவி,

உன் பூனையும் குட்டிகளும் நலமாக இருக்கட்டும். கடைசி வரிக்கு வருகிறேன்.

வேறு யாராவது படித்தால் அதை நல்ல செய்தி என்று நினைப்பார்கள். தோள் சிவக்கவே இல்லை என்றால் காவல்காரன் எழவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆகியும் எழவில்லை என்றால், பெரும்பாலும் அவனை யாரும் எழுப்பவில்லை என்று அர்த்தம். களிம்பு நின்றுவிட்டது, இல்லையா? சிவந்திருக்கும். மேஸ்திரி பார்த்திருப்பார். "பாப்பா என்ன சொன்னா? சிவந்தா நிறுத்து" என்று சொல்லி மூடியை மூடியிருப்பார். இல்லை, போடுங்கள் என்று நீ எந்த வாயால் சொல்வாய்? அலர்ஜி என்று சொன்ன வாய் அல்லவா அது?

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

இத்தனை வருடங்களாக என் வேலை தோலைச் சமாதானப்படுத்துவது. ஒன்றுமில்லாத உலோகத்தைப் பார்த்துக் கூச்சல் போடும் தோலுக்கு, கத்தாதே, அது எதிரி இல்லை என்று சொல்வது. வேலையோடு நிற்கவில்லை என்றும் தோன்றுகிறது. வீட்டில், கூட்டத்தில், எங்கே யார் முகம் சிவந்தாலும் முதலில் தண்ணீர் தெளிப்பவள் நான்தான். நீ வேண்டாம் என்றதும் ஒரே கடிதத்தில் விட்டுக்கொடுத்தேனே, அதுவும் அப்படித்தான். இந்தத் தோளில் விஷயம் நேர் எதிர். எதிரி உட்கார்ந்திருக்கிறான், தோல் பேசாமல் இருக்கிறது. அங்கே சத்தம் வேண்டும், குருவி. நம் இரண்டு பேரிடமும் சத்தம் இல்லாததால்தான் அந்தத் தோளிலும் இல்லை.

அவரிடம் சொல். வார்த்தையைச் சொல். முடியாவிட்டால் எழுது, அடுத்த வண்டியில் நான் வருகிறேன்.

பூதக்கண்ணாடி


ஏப்ரல் 19

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கையுறையைக் கழட்டிட்டு எழுதறேன்.

உன் அண்ணி போன வாரம் கட்டடத்துக்கே வந்துட்டா. அந்த முட்டியை வச்சுக்கிட்டு சாரத்துல ஏறி ரெண்டாவது மாடிக்கு. கீழே நின்னு கூப்பிட்டிருந்தா நான் இறங்கி வந்திருப்பேன். கேட்டா, "இறங்கி வர்றதுக்குள்ள எனக்கு தைரியம் போயிடும்"ங்கறா. கலவை மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. "அது அலர்ஜி இல்லை, கேன்சர்"னு கத்தினா. அந்த நேரம் பார்த்து சித்தாள் மெஷினை நிறுத்திட்டான். மொத்தக் கட்டடத்துக்கும் கேட்டுச்சு.

எனக்கு அப்பா ஞாபகம் வரலைன்னு சொன்னா பொய். ஒரு செங்கல் அடுக்குமேல உட்கார்ந்துட்டேன். அப்புறம் அவகிட்ட கேட்டேன், சாகிற கேன்சரா போற கேன்சரான்னு. போற கேன்சர்தான், ஆனா நீங்கதான் போக விடலைன்னு சொல்லி அழுதா. மறுநாளே ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போனோம். அவர் பொறுமையா படம் போட்டுக் காட்டினார். இந்தத் தடவை சிரிச்சார்.

பாப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. சுவத்துல விரிசல் விட்டா நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். இதோ பாருங்க, இவ்வளவு ஆழம், இதுக்கு இன்ன வேலைன்னு. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, என் விரிசலுக்கு மேல வெள்ளையடிச்சுட்டீங்க. களிம்பு எரிஞ்சுது. எதுக்கு எரியுதுன்னு தெரிஞ்சிருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்கியிருப்பேன். தெரியாம எப்படித் தாங்கறது? அப்பாவுக்கும் வார்த்தையை மட்டும்தான் சொன்னாங்க. என்ன செய்யலாம்னு யாருமே சொல்லலையே.

முந்தாநாள்ல இருந்து மறுபடியும் போடறேன், முதல்ல இருந்து ஆறு வாரம். மெஷினுக்கு மேல எழுதினதுல, "சிமெண்டு பட்டு" அப்படின்னு முன்னால சேத்துட்டேன்.

நேரத்துக்கு சாப்பிடு.

அண்ணன்


மே 12

பூதக்கண்ணாடிக்கு,

நலமா? இங்கே தோள் நலமில்லை, ஆகவே நாங்கள் நலம்.

பார்க்கவே சகிக்கவில்லை. சிவந்து, கசிந்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி, திட்டு இருந்ததைவிடப் பெரிய வட்டமாக நிற்கிறது. காய்ச்சல்போலக்கூட ஒருநாள் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "நல்ல சிவப்பு" என்றார். அதிலிருந்து இவர் வாயில் வேறு பேச்சே இல்லை. பால்காரரிடம் தோளைக் காட்டி, "நல்ல சிவப்பு, பார்த்தீங்களா?" என்கிறார். அந்த மனிதர் இப்போது பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார். பாரமெல்லாம் வலது தோளுக்கு மாறிவிட்டது. சட்டை உரசாமல் இருக்க நான் ஒரு பழைய பருத்தித் துணியை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

என்னோடு இரண்டு நாள்தான் பேசாமல் இருந்தார். மூன்றாவது நாள், "நான் செத்துப் போயிடுவேன்னு நீ இத்தனை நாள் தனியா பயந்தியா?" என்று கேட்டார். அதன் பிறகு பேச ஆரம்பித்துவிட்டார். பாட்டும் வந்துவிட்டது, அதே கட்டைக் குரல்.

உன்னிடம் அந்தக் கடைசி வரியை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். பூனையைப் பற்றி எழுதும்போதே எப்படியாவது நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதினேன்.

நாற்காலி?

குருவி


ஆகஸ்ட் 24

என் அருமைப் பூதக்கண்ணாடிக்கு,

வேறு எதுவும் எழுதுவதற்கு முன்னால் இது. தோள் சுத்தம். களிம்பு முடிந்து ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார் அல்லவா? போன வாரம் டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார், ஒரு துண்டு எடுத்தும் பார்த்தார். இல்லை. எதுவும் இல்லை. கொஞ்சம் வெளிறிய தோல், அவ்வளவுதான். இனி மறுபடி வருகிறதா என்று அவ்வப்போது காட்ட வேண்டும், வெயிலில் முழுக்கைச் சட்டை போட வேண்டும். முழுக்கைச் சட்டையில் மேஸ்திரி மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். சித்தாளும் அதையே சொல்லிவிட்டான்.

துண்டு எடுத்த இடத்தில் ஒரு தையல். "அதையும் பாப்பாவுக்கு எழுது, ஒண்ணையும் மறைக்காதே" என்கிறார் பக்கத்தில் நின்று. ஆமாம், இப்போது நான் எழுதும்போது பக்கத்தில்தான் நிற்கிறார். இனிமேல் தாளிலும் ரகசியம் கிடையாதாம்.

என் மே மாதக் கடிதத்துக்கு நீ போட்டது ஒரு வரி அட்டை. மூன்று முறை நாற்காலியைப் பற்றிக் கேட்டாயிற்று, நீ என் முட்டியை விசாரித்தாயே தவிர அதற்குப் பதில் சொல்லவில்லை. முட்டி தேவலை. இப்போது சொல்.

குருவி

(நானும்தான் கேட்கறேன் பாப்பா. அண்ணன்.)


ஆகஸ்ட் 30

குருவி அண்ணிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் கடிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் இன்னொரு முறை படித்தேன். பிப்ரவரியில் அண்ணன் திரும்பி நின்ற அதே இடம். காபி ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன். சுத்தம் என்ற சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நாற்காலி பற்றிப் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு புது ஆய்வு தொடங்குகிறது. அண்ணனைப் போல உலோக ஒவ்வாமையும் உண்டு, மேல்தோலில் இந்த வகைப் புற்றும் உண்டு என்பவர்களுக்கு இதே களிம்பைப் போட்டு, அவர்கள் எதிர்ப்புச் சக்தி எப்படி எழுகிறது என்று பார்ப்பது. ஏற்கெனவே கூச்சல் போடப் பழகிய தோல் சீக்கிரம் விழித்துக்கொள்ளுமா, இல்லை தப்பான பக்கம் பார்த்துக் கத்துமா? யாருக்கும் இன்னும் தெரியாது. அதை நடத்தப் போகிறவள் என்னிடம் மாணவியாகச் சேர்ந்த பெண். வாரா வாரம் நோயாளிகளோடு உட்கார்ந்து, தோலைப் பார்த்து, இது எந்தச் சிவப்பு என்று புரியும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தேடுகிறாள். "உங்க மாதிரி ஒருத்தர் கிடைச்சா நல்லாயிருக்கும் மேடம்" என்றாள். என்னையே கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு வேன் டிரைவர் வந்திருந்தார், கழுத்தில் அதே நூல் ஓரம். அவர் சட்டையைக் கழற்றும்போது மகன் என்னை வராந்தாவுக்கு இழுத்தான். "மேடம், அப்பாகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க. அலர்ஜின்னு சொல்லிக்கலாம்."

இத்தனை வருடமும் இப்படிக் கேட்டவர்கள் எல்லாருக்கும் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஆட்டவில்லை.

"சொல்லலைன்னா, சிவந்ததும் நிறுத்திடுவாரே" என்றேன். மகனுக்குப் புரியவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து ஒரு மேஸ்திரியின் கதையைச் சொன்னேன், கலவை மெஷின் நின்றது வரை. கடைசியில் அவனே எழுந்து உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் டிரைவரின் குரல் வெளியே கேட்டது. "அதுக்கு என்ன வைத்தியம்னு முதல்ல சொல்லுடா!"

தலைவி பதவிக்கு எங்கள் ஆய்வக இயக்குநர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். தலைவியின் அறை நல்ல அறை. ஜன்னல் இருக்கிறது, கதவை மூடிக்கொள்ளலாம், யார் முகமும் சிவக்காமல் கோப்புகளிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். நான் அதை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். அந்தப் பெண்ணின் கீழே, நோயாளிக்குப் பக்கத்தில் போடுகிற அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன். இயக்குநருக்குக் கோபம் வரும், உடன் வேலை செய்பவர்கள் என்னைப் பைத்தியம் என்பார்கள். நான் தண்ணீர் தெளிக்கப் போவதில்லை.

முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போடச் சொல். நீ படியேறாதே, சாரமும் ஏறாதே.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். உறையை ஒட்டுகிற இந்த நேரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கன்னம் சுடுகிறது. சிவந்திருக்கும். நல்ல சிவப்புதான்.

உங்கள்
பாப்பா